எட்டாவது கோடு

இட்லிக்கு இரண்டு சட்னி வைத்தால் அவை ஒன்றையொன்று தொடக் கூடாது எனக்கு. தொட்டுவிட்டால் சண்டையெல்லாம் போட மாட்டேன். தட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்து, கலந்த இடத்தை மட்டும் ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவேன். என் மனைவி விஜயகுமாரி இருபத்தோரு வருஷமாக இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "உங்களுக்குப் பரிமாற கரண்டி பத்தாது, ஸ்கேல் வேணும்" என்பாள். என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள இதுவே போதும். ஆனாலும் நீங்கள் ஒரு குயர் தாள் கொடுத்திருப்பதால் மற்றதையும் எழுதுகிறேன்.

நெடுமாறன் ஐயா, நீங்கள் என்னைக் கேட்டது ஒரே கேள்வி. "கண்ட்ரோல் ரூம் சுவத்துல ரெண்டு தாள் ஒட்டியிருக்கே சார், ரெண்டாவது தாளை எப்ப ஒட்டுனீங்க?" விசாரணை அதிகாரி என்றால் மேசையைத் தட்டுவார், குரலை உயர்த்துவார் என்று நினைத்திருந்தேன். நீங்கள் டீ வாங்கிக் கொடுத்தீர்கள், பேனா கொடுத்தீர்கள், பக்கத்து அறைக்குப் போய்விட்டீர்கள். கேள்விக்குப் பதில் ஒரு வரிதான். ஆனால் எதையும் வரிசை மாற்றிச் சொல்வது எனக்கு வராது. வரிசையாகச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

என் பெயர் ராஜ்மோகன். வயது நாற்பத்தெட்டு. அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு நெய்வேலி வந்தவர், பெர்மனென்ட். நான் டவுன்ஷிப்பில் பிறந்து, டவுன்ஷிப்பில் படித்து, டவுன்ஷிப்பிலேயே பெர்மனென்ட் ஆக முடியாமல் போனவன். விஜயகுமாரி அதே சுரங்கக் கம்பெனியில் பெர்மனென்ட். நாங்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் அவள் பெயரில்தான் இருக்கிறது. பிளாக்கில் என்னை விஜயகுமாரி மேடம் வீட்டுக்காரர் என்பார்கள். இதில் எனக்கு வருத்தமில்லை என்று பல வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது டவுன்ஷிப்புக்கு வெளியே, பழுப்பு நிலக்கரியை அரைத்துக் கட்டியாக்கி விற்கும் ஒரு தனியார் ஆலையில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னைத் தலைமை அலுவலகம் ஒரு மென்பொருள் வாங்கியது. ஆலையில் நடக்கும் எல்லாவற்றையும் அதில் படமாக வரைந்துவிட வேண்டும், யார் யாருக்கு என்ன சொல்கிறார்கள், எது எதற்குப் பிறகு நடக்கிறது என்று. சீக்வென்ஸ் டயகிராம் என்று அதற்குப் பெயர். மூன்று நாள் பயிற்சிக்கு ஆள் அனுப்பச் சொன்னார்கள். மற்ற எல்லாரும் அவசர வேலையில் இருந்ததால் நான் போனேன். திரும்பி வரும்போது அந்த மென்பொருளுக்கு எங்கள் ஆலையில் நான்தான் அட்மின்.

படம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தாளின் உச்சியில் வரிசையாகப் பெட்டிகள். ஒரு பெட்டி ஓர் ஆள், அல்லது ஓர் இயந்திரம். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் கீழே ஒரு நெடுங்கோடு இறங்கும். ஒருவர் மற்றவருக்கு ஏதாவது சொன்னால், இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு ஓர் அம்பு. மேலே இருப்பது முதலில் நடக்கும், கீழே இருப்பது பிறகு நடக்கும். அவ்வளவுதான். எனக்கு அது எவ்வளவு பிடித்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நாற்பத்தாறு வயதில் வாழ்க்கையில் முதல்முறையாக எதுவும் எதன் மேலும் கொட்டாத ஓர் இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட லேப்டாப்பைத் திறந்து, அம்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சமப்படுத்திக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் அக்டோபரில் மூன்றாம் நம்பர் பெல்ட்டை வரையச் சொன்னார்கள். யார்டிலிருந்து கிரஷருக்குக் கரி கொண்டுபோகும் பெல்ட், நானூறு மீட்டர். அது நின்றால் மறுபடி எப்படி ஓடத் தொடங்குகிறது என்பதுதான் படம். நான் நேர்மையான ஆள், உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்ய மாட்டேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு நேரில் போய்ப் பார்த்தேன். அங்கேதான் ராமலிங்கத்தைச் சந்தித்தேன்.

ராமலிங்கம் கான்ட்ராக்ட் தொழிலாளி. வளையமாதேவிப் பக்கத்து ஆள், ஐம்பத்தைந்து வயதிருக்கும். முன்பு அடுத்தவர் வயலில் அறுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர், பத்தொன்பது வருஷமாக எங்கள் பெல்ட்டில் இருக்கிறார். பெல்ட் நின்றால் அதன் அடியில் சிந்திக் கிடக்கும் கரித்தூளை அள்ளப் பெண்கள் உள்ளே போவார்கள். மொத்தம் ஐந்து பேர். மதியத்தில் அங்கேயே நிழலில் உட்கார்ந்து, இரும்புக் கால்களில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சாப்பிடவும் செய்வார்கள். பெல்ட்டை மறுபடி ஓட்டுவதற்கு முன்னால் ராமலிங்கம் ஒரு தடியை எடுத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பார். ஒவ்வொரு இரும்புக் காலிலும் இரண்டு தட்டு. பெண்கள் வெளியே வருவார்கள். தலையை எண்ணுவார். கோடியில் இருக்கும் போனை எடுத்து, "ஆளு இல்லீங்க" என்பார். அதற்குப் பிறகுதான் கண்ட்ரோல் ரூமில் பட்டனை அழுத்துவார்கள்.

இது எந்தத் தாளிலும் எழுதப்பட்டதில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் செய்தார், அவரைப் பார்த்து இவர் செய்கிறார். "சைரன் இருக்கே ராமலிங்கம், அப்புறம் எதுக்குத் தட்டணும்?" என்று கேட்டேன்.

"சைரன் எல்லா பெல்ட்டுக்கும் ஒண்ணுதாங்க சார். நாளெல்லாம் ஊதிக்கினே கெடக்குது. எது நம்மளுதுன்னு யாருக்குத் தெரியும்? அதுவும் இல்லாம சின்னம்மாளுக்குக் காது சுத்தமா போச்சுங்க. கிரஷராண்ட நின்னு நின்னு போச்சு. கம்பியில தட்டுனா முதுவுல தெரியும். நீங்க வேணும்னா சாஞ்சி குந்துங்க சார், நான் போயி தட்டுறன்."

நான் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தேன். பேண்ட் எல்லாம் கரி. பக்கத்தில் சின்னம்மாள் சோற்றுத் தூக்குச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார், அறுபதை நெருங்கும் பெண். ராமலிங்கம் நாலைந்து கால் தள்ளிப் போய்த் தட்டினார். சத்தம் சரியாகக் கேட்கவில்லை, ஆனால் முதுகெலும்பில் வந்து இரண்டு முறை குத்தியது. யாரோ பின்னாலிருந்து முதுகில் விரலால் சுண்டி "எழுந்திரு" என்பதுபோல் இருந்தது. சின்னம்மாள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"படம் வரையறீங்களாமே சார். எம்பேரும் வருமா அதுல?" காது கேட்காதவர்களுக்கு உரிய சத்தத்தில் கேட்டார். வரும் என்று தலையாட்டினேன். எந்த இடத்தில் என்று கையால் கேட்டார். ராமலிங்கத்துக்குப் பக்கத்தில் என்று விரலால் காட்டினேன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கனகம், "பாத்து போடுங்க சார், அவ வூட்டுக்காரரு கோவிச்சிக்கினு நெல்லிக்குப்பத்துல தங்கச்சி வூட்டுக்குப் போயிடப் போறாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தது, மக்களோடு மக்களாகப் பழகிவிட்டேன் என்று.

மறுநாள் வரைய உட்கார்ந்தேன். யார்டு சூப்பர்வைசர், கண்ட்ரோல் ரூம், சைரன், பெல்ட் மோட்டார், கிரஷர், தராசு, மெயின்டனன்ஸ். ஏழு கோடு. எட்டாவதாக ராமலிங்கம். பெயர் போடக் கூடாது, பதவி போட வேண்டும் என்பது விதி. அவருக்குப் பதவி எதுவும் இல்லாததால் தற்காலிகமாக ராமலிங்கம் என்றே போட்டேன். கண்ட்ரோல் ரூமிலிருந்து அவருக்கு ஓர் அம்பு: நடந்து பார். அவரிடமிருந்து திரும்ப ஓர் அம்பு: ஆள் இல்லை. நடுவில் அவர் தட்டுவதைக் காட்ட ஒன்பது சின்ன அம்புகள். இது டிராஃப்ட். தேதியோடு மென்பொருளில் சேமித்து வைத்தேன்.

இரண்டு பிரச்சினை வந்தது. முதலாவது, ஏழு கோடு வரைக்கும் படம் ஒரு ஏ-த்ரீ தாளில் கச்சிதமாக நின்றது. எட்டாவது கோடு தாளைத் தாண்டி இரண்டாவது தாளுக்குப் போய்விட்டது. முழுத் தாளில் ராமலிங்கம் மட்டும் தனியாக வலது பக்கம் நின்றார், கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவில் கடைசியில் ஓடிவந்து சேர்ந்துகொண்டவர் மாதிரி. எழுத்தின் அளவைப் பதினொன்றிலிருந்து ஒன்பதாகக் குறைத்திருந்தால் அடங்கியிருக்கும். பார்க்க நன்றாக இருக்காது.

இரண்டாவது பிரச்சினை எச்சரிக்கைகள். படத்தை முடித்துச் சோதனைப் பட்டனை அழுத்தினால், தப்பு இருக்கும் இடத்தில் மஞ்சள் முக்கோணம் வரும். ஒன்பது முக்கோணம் வந்தது. ஒன்பதும் ராமலிங்கத்தின் தட்டு அம்புகள். ஏனென்றால் ஓர் அம்பு கிளம்பினால் அது யாரிடமாவது போய்ச் சேர வேண்டும். அவர் யாருக்காகத் தட்டினாரோ அந்தப் பெண்கள் படத்தில் இல்லை. பெறுபவர் இல்லாத செய்தி என்று மென்பொருள் சொன்னது. பெண்களுக்கு ஒரே ஒரு பெட்டி வைத்திருந்தால் ஒன்பது முக்கோணமும் போயிருக்கும். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் எட்டே தாளுக்கு வெளியே நிற்கும்போது ஒன்பதாவதை எங்கே வைப்பது. தராசை எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். தராசுக்கு என்று ஆலையில் தனி நம்பர் இருக்கிறது, அதை எடுத்தால் யாராவது கேட்பார்கள்.

ஆகவே ராமலிங்கத்தை எடுத்தேன். கோட்டைச் சொடுக்கினால் அது நீலமாகும், டிலீட் அழுத்தினால் அதோடு சேர்ந்த அம்புகள் எல்லாம் தானாகவே போய்விடும். முக்கோணங்களும் போயின. படம் அவ்வளவு லட்சணமாக இருந்தது. பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் விஜயகுமாரியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாத்தாங்க இருக்கு. இதுல ஆளுங்க எங்க?" என்றாள். சூப்பர்வைசர் இருக்கிறாரே என்று காட்டினேன். அவள் தோசை ஊற்றப் போய்விட்டாள்.

இப்போதைக்கு எடுத்திருக்கிறேன், கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். இது சத்தியம். ஆனால் கேட்ட விதம் வேறு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் ஜி.எம். அருண்பிரசாத் படத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ராஜ்மோகன், இப்ப ஒரு ஸ்டார்ட்டுக்கு இருபது நிமிஷம் ஆகுது. உங்க படத்துல ஆறு நிமிஷம்தான் வருது. பதினாலு நிமிஷம் எப்படிக் கொறச்சீங்க?" என்று கேட்டார். உண்மையான பதில், ஓர் ஆளை விட்டுவிட்டேன் என்பது. நான் என்ன சொன்னேன் என்றால், "ப்ராசஸைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன் சார்" என்றேன். அவர் எழுந்து நின்று கைகொடுத்தார். பதினேழு வருஷ சர்வீஸில் எனக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. நானும் உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்துவிட்டேன். அந்த நிலையில் விஷயத்தை மாற்றிச் சொல்வது மரியாதையாக இருக்காது.

நவம்பரில் படம் அங்கீகாரமானது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு ஷீல்டு வந்தது. ஒரே தாளாகப் பிரிண்ட் எடுத்து, நானே கண்ட்ரோல் ரூம் சுவரில் ரசமட்டம் வைத்துப் பார்த்து ஒட்டினேன். இனிமேல் இதில் உள்ளபடிதான் பெல்ட் ஓட வேண்டும் என்று உத்தரவு. சைரன், முப்பது விநாடி, மோட்டார். அப்படியென்றால் ராமலிங்கம் என்ன செய்வார் என்று அருண்பிரசாத் கேட்டபோது, கேட்டில் லாரி நம்பர் எழுதப் போடலாம், வெயிலில்லாத வேலை என்று யோசனை சொன்னது நான். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு எழுத்தில் உத்தரவு கொடுக்கும் வழக்கமில்லை. வாய்ச்சொல்தான். அதைச் சொன்னதும் நான்தான்.

அவர் என் அறைக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றார். "நடக்க வாணாம்னு சொல்லிட்டீங்களேங்க. பொம்பளைங்க உள்ள குந்திக்கினு இருப்பாங்களே, யாருங்க தட்டுறது?"

"சைரன் சிஸ்டத்துல இருக்கு ராமலிங்கம். அது போதும்னு மேல முடிவு பண்ணிட்டாங்க."

"சின்னம்மாளுக்குக் காது கேக்காதுங்களே சார். நீங்களே வந்து பாத்தீங்களே."

"அடுத்த வெர்ஷன்ல உங்களச் சேத்துடறேன்" என்றேன். அவருக்கு வெர்ஷன் என்றால் என்ன என்று புரிந்திருக்காது. சேர்த்துவிடுகிறேன் என்பது புரிந்தது. கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரல் மாதம், செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்று பத்து. கிரஷரில் அடைப்பு, பெல்ட் நின்றிருந்தது. பெண்கள் உள்ளே போயிருந்தார்கள். அடைப்பு எடுத்தாயிற்று என்று தகவல் வந்ததும் கண்ட்ரோல் ரூமில் இருந்த இளம்பரிதி சைரனை அழுத்தி, முப்பது விநாடி எண்ணி, பெல்ட்டை ஓட்டினான். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான பையன், படத்தில் உள்ளதை அட்சரம் பிசகாமல் செய்தான். நான்கு பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். சின்னம்மாள் வரவில்லை. முந்தானைதான் முதலில் ரோலருக்குள் போனது என்று கனகம் உங்களிடம் சொல்லியிருப்பார். மேற்கொண்டு நான் எழுதத் தேவையில்லை, உங்களிடம் போட்டோ இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

எனக்குத் தகவல் வந்தபோது முதலில் மனசில் என்ன ஓடியது என்று எழுதினால் என்னைக் காறித் துப்புவீர்கள். எழுதத்தான் வேண்டும். என் படத்தில் ஐந்தாவது அம்புக்கும் ஆறாவது அம்புக்கும் நடுவில் நடந்திருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் அழுகை வந்தது. கழிப்பறையில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது மணி மூன்றரை. எல்லாரும் ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் போயிருந்தார்கள். ஆலையில் ஏசி சத்தம் மட்டும்தான்.

உங்கள் கேள்விக்கு வந்துவிட்டேன். இரண்டாவது தாளை அன்று நான்கு மணிக்கு ஒட்டினேன்.

செய்தது ரொம்பச் சின்ன வேலை. மென்பொருளில் இரண்டு படம் இருந்தது. ஒன்று ஏழு கோடு, அங்கீகரிக்கப்பட்டது. இன்னொன்று எட்டுக் கோடு, டிராஃப்ட். அட்மின் என்ற முறையில் இரண்டு பெயர்ப்பட்டையையும் இடம் மாற்றினேன். டிராஃப்ட் அங்கீகரிக்கப்பட்டதாயிற்று, அங்கீகரிக்கப்பட்டது டிராஃப்ட் ஆயிற்று. புதிதாக ஒரு கோடுகூட வரையவில்லை. பொய்யாக ஓர் எழுத்துகூட எழுதவில்லை. அக்டோபர் தேதிகூட உண்மையான தேதிதான். அதைப் பிரிண்ட் எடுத்தேன், இரண்டு தாள் வந்தது. சுவரிலிருந்ததைக் கிழித்துவிட்டு இரண்டையும் ஒட்டினேன். இப்போது யார் பார்த்தாலும், ராமலிங்கம் நடந்து பார்த்து ஆள் இல்லை என்று சொன்ன பிறகுதான் பெல்ட் ஓட வேண்டும் என்று இருக்கும்.

இளம்பரிதி ஐந்தரை மணிக்கு ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தான். அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அவன் சுவரைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். கெட்டிக்காரப் பையன், தங்கைக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். மறுநாள் விசாரணையில், "ராமலிங்கம் அண்ணன் போன் பண்ணி ஆளு இல்லன்னு சொன்னாரு, அப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணேன்" என்றான். படத்தில் உள்ளபடி பேசினான். ராமலிங்கம் அந்த நேரம் கேட்டில் இருந்ததற்கு ரிஜிஸ்டரில் அவர் கையெழுத்தே இருந்தது. கேட்டிலும் போன் இருக்கிறது. நடக்காமலே, உட்கார்ந்த இடத்திலிருந்து போன் செய்து ஓர் உயிரைப் போக்கிவிட்டார் என்று முடிவாயிற்று. தன் வேலையை விட்டுவிட்டுக் கேட்டில் ஏன் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு அவரிடம் காட்ட ஒரு தாளும் இல்லை. விவரம் தெரிந்த அருண்பிரசாத்தும் சுவரில் இருப்பதைத்தான் கைகாட்டினார்.

அவரை ஜீப்பில் ஏற்றும்போது நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். அப்போது எனக்கு வந்த நினைப்பையும் மறைக்காமல் எழுதுகிறேன். அடுத்த வெர்ஷனில் சேர்க்கிறேன் என்றேன், சேர்த்துவிட்டேன் என்று நினைத்தேன். நகைச்சுவை உணர்ச்சி எனக்கு உண்டு என்று விஜயகுமாரி நம்புவதில்லை.

ஆனால் சுவரைப் பற்றி நான் யோசிக்கவில்லை. கரித்தூள் பறக்கும் இடம் ஐயா அது. ஐந்து மாதம் ஒரு தாள் ஒட்டியிருந்த இடம் வெள்ளையாகவும், சுற்றியுள்ள சுவர் பழுப்பாகவும் ஆகியிருக்கிறது. நீங்கள் இரண்டு தாளையும் எடுத்துப் பார்த்தபோது ஒன்றின் பின்னால் வெள்ளைச் சுவர், மற்றதன் பின்னால் அழுக்குச் சுவர். அரை மில்லிமீட்டர் இடைவெளிக்காக ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கிய ஆளுக்குக் கண்ணெதிரே இருந்த சுவர் தெரியவில்லை. இதை விஜயகுமாரியிடம் நீங்கள் சொல்லும்போது நான் பக்கத்தில் இல்லாமல் இருந்தால் நல்லது.

இதுவரை எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். தாள் போதவில்லை, முக்கோணம் வந்தது, ஜி.எம். எழுந்து நின்றார் என்று எழுதியிருக்கிறேன். எல்லாம் உண்மை. ஆனால் மார்ச் மாதத்தை விட்டுவிட்டேன். நீங்கள் டீ குடித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னீர்களே, அதனால் அதையும் எழுத வேண்டியிருக்கிறது. ராமலிங்கம் ஒன்பது நாளாக ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றீர்கள். "அந்தப் படத்தப் போயி பாருங்கய்யா. ராஜ்மோகன் சார் போட்டது. அவரு எங்கூட கம்பியில சாஞ்சி பாத்தவரு, அவருக்குத் தெரியும். என்ன வுட்டுட மாட்டாரு." அதைக் கேட்டுத்தான் நீங்கள் கண்ட்ரோல் ரூமுக்கே போயிருக்கிறீர்கள்.

கேட்டுக்கு மாற்றிய பிறகும் ராமலிங்கம் தட்டுவதை நிறுத்தவில்லை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை, பெல்ட் நின்றது தெரிந்தால் லாரிக்காரர்களை நிற்கச் சொல்லிவிட்டு, கேட்டிலிருந்து தடியோடு ஓடிவந்து, தட்டிக்கொண்டே ஓடி, ஐந்து பேரையும் வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்டுக்கு ஓடுவார். ஐம்பத்தைந்து வயது ஆள். யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். என் அறை ஜன்னலிலிருந்து கேட் தெரியும். அந்த நாலு மாதம் யாரும் சாகாததற்கு அதுதான் காரணம், என் படம் அல்ல.

மார்ச் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கைக்கு வருவதாக இருந்தது. படத்தில் உள்ளதும் தளத்தில் நடப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். படத்தில் இல்லாத ஓர் ஆள் தடியோடு ஓடிக்கொண்டிருந்தால் என்ன எழுதுவார்கள். நான் வெயிலில் கேட்டுக்கு நடந்து போனேன். இனிமேல் பெல்ட் பக்கம் போனால் கேட் பாஸை வாங்கிவிடுவேன் என்று சொன்னேன். "அப்ப சின்னம்மாளுங்க?" என்று மட்டும் கேட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, தடியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அது இன்னும் என் அறை பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். தணிக்கை நல்லபடியாக முடிந்தது. பதினெட்டாவது நாள் சின்னம்மாள் செத்தார். முதுகில் அந்தத் தட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்து, அது இல்லாவிட்டால் அந்த அம்மாள் எழுந்திருக்க மாட்டார் என்று தெரிந்து, தடியை வாங்கினேன். சின்னம்மாளைக் கொன்றது நான்தான். அந்தப் பழியை ராமலிங்கத்தின் மேல் போட்டதும் நான்தான்.

கேட்டவுடனே ஒன்றையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதை வைத்து ராமலிங்கத்தை நாளைக்கே வெளியே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அப்படி விடும்போது, அவரிடம் என் சார்பில் ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிடுங்கள் ஐயா: அவர் நம்பியது வீண்போகவில்லை, சார் அவரைக் கைவிடவில்லை என்று.